காயங்களை அச்சடித்த ஆசிரியர்: சோம்நாத் ஹோர்

ரப்பர் மரத்தைச் சீவுவதில் ஒரு கணக்கு உண்டு. பட்டையின் உட்பகுதியில்தான் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அந்தப் படலத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டுவிடும். காயம்பட்ட இடத்தில் பட்டை சமமாக வளராது. முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பக்கத்தில் ஒழுங்காகப் பால் வெட்ட முடியாது.

சுங்கை பஞ்சாங் பக்கத்துத் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, அப்பா அப்படிப் புடைத்துப்போன மரங்களைத் தடவிக் காட்டி, இது யார் கையால் வந்தது என்றுகூடச் சொல்லுவார். ஒவ்வொரு வெட்டுக்காரரின் கைக்கும் ஒரு தழும்பு உண்டாம். அந்த மரங்கள் இன்று இல்லை. அவை நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது.

பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் வெறும் வெள்ளைத் தாளின் படம் இருந்தது. உருவமும் இல்லை, வண்ணமும் இல்லை. உற்றுப் பார்த்தபோதுதான் தாளிலேயே ஒரு கீறல் தெரிந்தது. கீறலின் இரு கரையும் தோல் போலப் புடைத்திருந்தன. எனக்கு உடனே அப்பா தடவிக் காட்டிய மரம் நினைவுக்கு வந்தது. படத்தின் பெயர் 'காயங்கள்' என்று போட்டிருந்தது. செய்தவர் பெயர் சோம்நாத் ஹோர். அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். கலையைப் பாடமாக எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மாணவர்களுக்கு அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குண்டு விழுந்த கிராமம்

சோம்நாத் ஹோர் 1921ஆம் ஆண்டு, இன்றைய வங்காளதேசத்தில் இருக்கும் சிட்டகாங் மாவட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சிற்றப்பாவின் துணையோடுதான் பள்ளிப் படிப்பு நடந்தது. பிறகு கல்கத்தாவுக்குச் சென்று கல்லூரியில் அறிவியல் படித்தார். ஓவியராக வேண்டும் என்ற திட்டம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1942இல் எல்லாம் மாறியது. ஜப்பானியப் படை மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்து, பர்மாவையும் கைப்பற்றியது. பர்மாவுக்கு அடுத்த வாசல் சிட்டகாங். போர்ப் பயத்தில் படிப்பை விட்டு ஊர் திரும்பிய அந்த இளைஞர், பாட்டியா என்னும் கிராமத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதன் விளைவைக் கண்ணால் பார்த்தார். வயல்வெளியில் வேலை செய்துகொண்டிருந்த எளிய மனிதர்களின் உடல்கள் சிதறிக் கிடந்தன. அந்தக் காட்சியைக் காகிதத்தில் வரைய முயன்றார். அவருடைய கலை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

அடுத்த ஆண்டே வங்காளப் பஞ்சம் வந்தது. அதை வெறும் மழை பொய்த்த கதையாக நினைத்துவிடக் கூடாது. பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. 1942 அக்டோபரில் அடித்த புயல் மேற்குக் கடற்கரை மாவட்டங்களின் பயிரை அழித்தது. ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று கிழக்கு வங்காளத்தின் படகுகளையும் கையிருப்பு நெல்லையும் ஆங்கில அரசு அகற்றியது. படகு போனதால் மீனவருக்குத் தொழில் இல்லை. கிராமத்துக்கு நெல் கொண்டுபோகவும் வழி இல்லை. ராணுவத்துக்கும் கல்கத்தா நகரத்துக்கும் அரிசி முதலில் போனது. வியாபாரிகள் பதுக்கினார்கள். விலை பல மடங்கு ஏறியது. கூலிக்கு உழைத்தவனால் வாங்க முடியவில்லை. ஏறக்குறைய 30 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்த ஆண்டுகள் நம் குடும்பங்களுக்கும் புதியவை அல்ல. அதே ஜப்பானிய ஆட்சிக் காலத்தில்தான் நம் தோட்டங்களில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். அதே ஆண்டுகளில்தான் நம் பாட்டன்மார் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

பசியை வரையக் கற்றுக்கொடுத்தவர்

சிட்டகாங்கில் சித்தபிரசாத் பட்டாச்சார்யா என்ற ஓவியர் இருந்தார். ஹோரைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். பஞ்சம் பாதித்த ஊர்களில் நடந்தே சுற்றி, கண்டதைக் கறுப்பு மையால் வரைந்துகொண்டிருந்தார். அவர் ஹோரையும் கூட அழைத்துக்கொண்டார். தெருவில் கிடப்பவர்களை நேரில் பார்த்து, அங்கேயே நின்று வரையச் சொல்லிக் கொடுத்தார். ஹோரின் முதல் கலைப் பள்ளி அந்தத் தெருக்கள்தான்.

ஹோர் அப்போது பொதுவுடைமைக் கட்சியில் ஈடுபட்டிருந்தார். அவர் வரைந்த பஞ்சப் படங்கள் கட்சியின் 'ஜனயுத்தம்' இதழில் வந்தன. சித்தபிரசாத் வெளியிட்ட பஞ்சப் படங்களின் நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. துப்பாக்கியும் போலீசும் வைத்திருந்த அரசு, சில காகிதப் படங்களைக் கண்டு ஏன் பயந்தது? பசியால் ஒருவன் செத்தான் என்று சொன்னால் அரசு மறுத்துப் பேசலாம். அவன் முகத்தையும் விலா எலும்பையும் ஊரையும் தேதியையும் போட்டு ஒரு படம் வந்துவிட்டால் மறுப்பது கடினம்.

கட்சியின் உதவியால்தான் ஹோர் கல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஜைனுல் ஆபெதீன் ஆசிரியராக இருந்தார். கல்கத்தா நடைபாதைகளில் செத்துக்கொண்டிருந்தவர்களை வரைந்து புகழ் பெற்றவர் அவர். பின்னாளில் டாக்காவில் ஓவியக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. இப்படி ஹோருக்குக் கிடைத்த இரண்டு வழிகாட்டிகளுமே பசியை நேருக்கு நேர் நின்று வரைந்தவர்கள்.

வயலும் தேயிலைத் தோட்டமும்

1946 டிசம்பரில் கட்சி ஹோரை வடக்கு வங்காளத்தின் ரங்பூர்ப் பகுதிக்கு அனுப்பியது. அங்கே குத்தகை விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை விளைச்சலில் பாதியை நிலக்காரருக்குக் கொடுத்து வந்தார்கள். இனி மூன்றில் ஒரு பங்குதான் தருவோம், இரண்டு பங்கு எங்களுக்கு என்பது அவர்கள் கோரிக்கை. அதற்குத் தேபாகா இயக்கம் என்று பெயர். அறுத்த நெல்லை நிலக்காரரின் களத்துக்குத் தூக்கிப் போகாமல் தங்கள் முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். ஹோர் அவர்களோடு தங்கி, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு, பகலில் வரைந்து, இரவில் நாட்குறிப்பு எழுதினார். அந்த நாட்குறிப்பும் படங்களும் பின்னாளில் நூலாக வந்தன. இன்று அந்த இயக்கத்தைப் பற்றி ஆராய்பவர்கள் அந்த நூலைத் தேடிப் படிக்கிறார்கள்.

1947இல் டுவார்ஸ் என்னும் பகுதியின் தேயிலைத் தோட்டங்களுக்கும் அவர் போனார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் முன்னோர், வெகுதூரத்துச் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்திலிருந்து ஆள் பிடிப்பவர்களால் அழைத்து வரப்பட்ட பழங்குடி மக்கள். வெள்ளைக்காரத் துரை, கணக்கெழுதும் கிராணி, வரிசை வரிசையாகக் குடியிருப்பு, வாரக்கூலி, விடியலில் பெயர் கூப்பிடுதல். படிக்கும்போது எனக்கு அந்நியமாகவே இல்லை. நம்முடைய லயத்தைத்தான் யாரோ வேறு மொழியில் எழுதியதுபோல் இருந்தது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1941இல், நம் சிலாங்கூரிலேயே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. முன்னின்ற ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். டுவார்ஸ் தொழிலாளரின் முகம் எப்படி இருந்தது என்று ஹோரின் படத்தைப் பார்த்து நாம் சொல்லலாம். கிள்ளானில் அன்று கூட்டத்தில் நின்ற தொழிலாளியின் முகத்தை வரைந்து வைக்க நம்மிடம் ஒரு ஹோர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அமிலம் போடும் கோடு

1950களின் நடுவில் ஹோர் கட்சியிலிருந்து விலகினார். 1954இல் கல்கத்தாவில் ஓர் ஓவியக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். ஓவியரான ரேபாவை மணந்தார். அப்போது இந்தியாவில் அச்சு ஓவியத்துக்குப் பெரிய மதிப்பில்லை. நல்ல கருவிகளும் இல்லை. கல்லூரியில் கற்ற அடிப்படையை வைத்துக்கொண்டு, தானே சோதித்துப் பார்த்துப் பல நுணுக்கங்களைக் கண்டுபிடித்தார்.

எட்சிங் என்ற அந்த அச்சு முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். வழவழப்பான செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூச வேண்டும். அந்தப் பூச்சின்மேல் ஊசியால் படம் கீற வேண்டும். ஊசி போன இடத்தில் மட்டும் உலோகம் வெளியே தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் போட வேண்டும். பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது. கீறிய இடத்தைக் கடித்துப் பள்ளமாக்கும். கொஞ்ச நேரம் விட்டால் மெல்லிய கோடு. கூடுதல் நேரம் விட்டால் ஆழமான கறுப்புக் கோடு. பூச்சைத் துடைத்துவிட்டு, பள்ளங்களில் மை நிறையத் தேய்த்து, மேலே படிந்த மையைத் துணியால் துடைத்தெடுத்து, ஈரத்தாளை வைத்து, கனத்த உருளைகளுக்கு நடுவே ஓட்டினால், பள்ளத்தில் இருந்த மை தாளுக்கு ஏறும். படம் இடம் வலமாக மாறி விழும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றியதையும், உறைந்த கட்டியைக் கை உருளை மெஷினில் விட்டுச் சீட்டாக இழுத்ததையும் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். உருளையில் இருக்கும் கோடுகள் சீட்டில் அப்படியே பதிந்திருக்கும். அதுவும் ஒருவகை அச்சுதான்.

1958இல் ஹோர் டில்லி ஓவியக் கல்லூரிக்குப் போய் அச்சுக்கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1960களின் தொடக்கத்தில் அவர் செய்த வண்ண எட்சிங்குகளில் ஒன்று 'வெள்ளை ரோஜாவின் பிறப்பு'. பஞ்சத்தை வரைந்த அதே கை, ஒரு பூ மலர்வதை அமிலத்தால் தகட்டில் கொண்டுவந்தது. 1960, 1962, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளில் இந்தியாவின் லலித் கலா அகாடமி அவருக்குத் தேசிய விருது கொடுத்தது. அகதிகள், தாயும் பிள்ளையும், பசித்த குழந்தைகள் என்று அவருடைய தகடுகளில் மனிதர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

பெயர் வந்த பிறகும் அவர் ஓவியம் விற்றே பிழைத்துவிடவில்லை. மாதச் சம்பளம் ஆசிரியர் வேலையிலிருந்து வந்தது. காலையில் மாணவர்களுக்குத் தகடு தீட்டக் கற்றுக்கொடுப்பதும், மற்ற நேரத்தில் தன் தகட்டோடு மல்லுக்கட்டுவதும்தான் அவருடைய வாழ்க்கை. படிவம் ஐந்தில் இருக்கும் பிள்ளைகள் சிலர், கலை படித்தால் சோறு கிடைக்குமா என்று என்னிடம் கேட்கிறார்கள். என் பள்ளிக் காலத்தில் இதே கேள்வியை நான் ஓர் ஆசிரியரிடம் கேட்டு, வரைவதையெல்லாம் வேலையற்றவர்களுக்கு விட்டுவிடு என்று பதில் வாங்கியவன். ஆகவே ஏமாற்றாமல் சொல்கிறேன். ஓவியம் மட்டுமே சோறு போடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஹோருக்கும் அது உறுதியாக இல்லை. அவர் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு கலையைக் காப்பாற்றினார். அந்தத் தொழிலையும் அரைமனத்தோடு செய்யவில்லை.

வெள்ளையின்மேல் வெள்ளை

1960களின் இறுதியில் அவர் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனுக்கு வந்தார். அங்குள்ள கலா பவனத்தின் முதல்வராக இருந்த தின்கர் கௌசிக் அவரை அழைத்திருந்தார். 1969இல் அச்சுக்கலைத் துறைக்குத் தலைவரானார். நகரத்தை விட்டு விலகிய அந்த அமைதியான ஊரில்தான் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு நடந்தது.

அந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. வங்காளத்தில் நக்சல் கிளர்ச்சியும் அதை அடக்கும் வன்முறையும் நடந்தன. 1971இல் கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டு லட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்தார்கள். வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஹோருக்கு எங்கே பார்த்தாலும் காயமே தெரிந்தது. லாரிச் சக்கரம் பிளந்த சாலையிலும், கோடரி விழுந்த மரத்திலும், கத்தி பாய்ந்த மனித உடலிலும் அவர் ஒரே வடிவத்தைக் கண்டார். அமிலம் கடித்த தகடும் காயம்தானே?

அப்போது அவர் தகட்டையும் மையையும் ஒதுக்கி வைத்தார். களிமண் அல்லது மெழுகுப் பலகையைக் கத்தியால் கீறினார். சூடான கம்பியால் குத்தினார். அதிலிருந்து சிமெண்டில் அச்சு வார்த்தார். அந்த அச்சின்மேல் காகிதக் கூழைப் போட்டு அழுத்திக் காய வைத்தார். உரித்தெடுத்தால் வெள்ளைத் தாளிலேயே வெட்டும் தழும்பும் மேடு பள்ளமாக நின்றன. சிலவற்றில் மட்டும் சிறிது சிவப்பு. மற்றவை வெள்ளையின்மேல் வெள்ளை. படத்தில் மனிதன் இல்லை. ஆனாலும் பார்ப்பவர் தன் தோலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். நான் நூலகத்தில் பார்த்தது அந்த வரிசைப் படங்களில் ஒன்றுதான்.

1974 வாக்கில் வெண்கலச் சிற்பத்துக்கும் திரும்பினார். மெழுகுத் தகடுகளை வெட்டி மடித்து ஒட்டி, அதை வெண்கலமாக வார்த்தார். விலா எலும்பு தெரியும் மனிதர்கள், தாய், குழந்தை, நாய், ஆடு எல்லாம் அதில் வந்தன. வியட்நாம் மக்களின் துயரத்துக்குக் காணிக்கையாகத் தாயும் சேயுமாக ஒரு பெரிய சிற்பம் செய்தார். நெடுநாள் உழைத்துச் செய்த அந்தச் சிற்பம், முடிந்த சில நாளில் கலா பவனத்திலிருந்து திருடுபோனது. திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த இழப்புக்குப் பிறகும் அவர் பட்டறைக்கு வந்தார். மாணவர்களுக்குப் பாடம் நடந்தது. மெழுகு மறுபடியும் மடிந்தது.

ஓய்வு பெற்ற பின்னும் சாந்திநிகேதனிலேயே தங்கி, 2006 அக்டோபரில் தமது 85ஆம் வயதில் மறைந்தார். மறுஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதை வழங்கியது. அவருடைய மகள் சந்தனாவும் ஓவியரே.

நம் மரங்கள்

ஹோரின் படங்கள் பஞ்சத்தை நிறுத்தவில்லை. தேபாகா விவசாயிக்கு உடனே நெல்லைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அப்படியானால் என்ன பயன் என்று கேட்கலாம். நான் நினைப்பது இதுதான். துன்பப்பட்டவர்களை இருமுறை சாகடிக்கலாம்: ஒருமுறை பசியால், மறுமுறை மறதியால். முதலாவதைத் தடுக்கும் வலிமை அந்த இளைஞருக்கு இல்லை. இரண்டாவதைத் தடுத்துவிட்டார்.

சபா பெர்ணத்திலிருந்து கோல சிலாங்கூர் வரை நம் தோட்டங்கள் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. பல லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. மங்கு, பால் வாளி, வெட்டுக்கத்தி என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். இவற்றை வரைய நாம் கல்கத்தாவிலிருந்து யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் இன்னும் ஒரு பழைய ரப்பர் மரம் எங்காவது நின்றால், அதன் தழும்பின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பட்டையின் மேடும் பள்ளமும் தாளில் ஏறிவரும். கீழே தோட்டத்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அந்த மரத்தைச் சீவியவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு வீட்டில் பாட்டியின் கையை வரையுங்கள். பால் வெட்டிய கை, செம்பனைப் பழம் பொறுக்கிய கை, எதுவானாலும் சரி.

என் அப்பா தடவிக் காட்டிய மரங்களில் ஒன்றைக்கூட நான் அப்படிப் பதிந்து வைக்கவில்லை. எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு இப்போது சொல்லிவிட்டேன்.